தெருவை நீட்டிய கண்ணாடி

பொட்டல் தெரு நீள ஆரம்பித்தது ஆனி மாதத்தில், ஒரு செவ்வாய்க்கிழமைக் காலையில். அன்றைக்கு அதைக் கவனிக்கத் தெருவில் ஒருத்தருக்கும் நேரமில்லை. சங்கரபாண்டி சவுதியிலிருந்து லீவில் வந்து இறங்கியிருந்தான். பெட்டி பிரிந்து, சோப்பும் தைலமும் பேரீச்சம்பழமும் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தன. எனக்கு வரவில்லை, அவள் வீட்டுக்கு மட்டும் ரெண்டு போயிருக்கிறது என்று பெண்டுகள் வாசலில் நின்று முகத்தைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். இப்படி ஒரு காலையில் தெரு நீண்டால் என்ன, மடங்கினால்தான் என்ன, எவன் பார்க்கப் போகிறான்.

பார்த்தவள் ஆவுடை ஒருத்திதான். அவள் சங்கரபாண்டியின் பெண்டாட்டி. ரோட்டைத் தாண்டி இருக்கிற கண்ணாடிக் கம்பெனியில் மெருகு போடும் வேலை அவளுக்கு. கண்ணாடி என்றால் முகம் பார்க்கிற கண்ணாடி இல்லை, லென்ஸ். அதிலும் நடுவில் உருண்டையாகப் புடைத்திருக்கிற பூதக்கண்ணாடி இல்லை. பூரிக்கட்டையை நீளவாக்கில் ஒரு சீவு சீவினால் ஒரு பக்கம் தட்டையாகவும் ஒரு பக்கம் வளைவாகவும் ஒரு துண்டு வருமே, அந்த மாதிரி உருளை லென்ஸ். கேட்டவர்களுக்குக் கேட்ட அளவில் செய்துகொடுப்பார்கள். மளிகைக் கடையில் பாக்கெட்டைக் காட்டியதும் டீக் என்று கத்துகிற மிஷினுக்குள் ஒன்று போகும்; சுவரில் நூல் பிடித்த மாதிரி சிவப்பு வெளிச்சம் அடித்து டைல்ஸ் ஒட்டுகிற கொத்தனார் கையில் ஒன்று இருக்கும்; கண்ணாஸ்பத்திரியில் ஒன்று மாற்றி ஒன்று போட்டு இப்போ தெரியுதா, இப்போ தெரியுதா என்று கேட்கிற பெட்டியில் ஒரு வரிசையே இருக்கும். அந்த லென்ஸுக்கு ஒரே குணம்தான். ஒரு பக்கமாக மட்டும் இழுக்கும். புள்ளியைக் கொடுத்தால் கோடாக்கிவிடும். நீளத்தை நீட்டும், அகலத்தைத் தொடவே தொடாது.

தெருவில் பாதிப் பேர் அந்தக் கம்பெனிக்குத்தான் போனார்கள். அதனால் கம்பெனி வேண்டாம் என்று ஒதுக்கிய ரிஜெக்ட் கண்ணாடி இல்லாத வீடே அங்கே கிடையாது. ஊறுகாய் ஜாடிக்கு மூடியாக, சாமி படத்துக்கு முட்டுக்கொடுக்க, பிள்ளைகள் வெயிலில் பிடித்து எறும்பை வதைக்க, எல்லாவற்றுக்கும் ரிஜெக்ட்தான். ஜன்னல் கண்ணாடி உடைந்தால் காசு கொடுத்து எவனும் மாற்றமாட்டான். பெரிய ரிஜெக்ட் எப்போது விழும் என்று காத்திருந்து, விழுந்ததும் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து பதித்துவிடுவார்கள்.

அந்த வருஷம் விழுந்தது ஆவுடையின் கையாலேயே விழுந்தது. வெயிலைப் பிடித்து ஒரு கோடாக்கிக் குழாய்மேல் விழவைக்க வேண்டும் என்று ஏதோ ஒரு ஆராய்ச்சிக்கூடத்துக்காரர்கள் ஜன்னல் அகலத்துக்கு ஒரு லென்ஸ் கேட்டிருந்தார்கள். அதை மெருகு போட்டதெல்லாம் ஆவுடை. அந்த வாரம் முழுக்க அவள் மனசு மெருகில் இல்லை; அவுக வாராக, அவுக வாராக என்று அது பாட்டுக்குச் சவுதியில் தம்மாம் விமான நிலையத்தில் போய் உட்கார்ந்திருந்தது. மூன்று வருஷம் கழித்து வருகிற மனுஷன். நிறுத்த வேண்டிய நேரத்தில் மிஷினை நிறுத்தாமல் அவள் தேய்த்துக்கொண்டே இருந்தாள், ஓரிடத்தில் வளைவு ஒரு மயிரிழை பிசகிவிட்டது, கம்பெனியில் ரிஜெக்ட் என்று எழுதி ஓரமாக வைத்துவிட்டார்கள். அவளுக்கும் வீட்டில் கிழக்கு ஜன்னல் உடைந்து கிடந்தது, சாரல் காற்று புழுதியை வாரிக்கொண்டு வந்தது, வருகிறவர் மூக்கைப் பிடித்துக்கொண்டா படுப்பார் என்று கேட்டு வாங்கிவந்து பதித்துவிட்டாள்.

இனி அந்த வீட்டைச் சொல்ல வேண்டும். அது தெருக்குத்து வீடு. தெரு கிழக்கே வந்து முட்டுகிற இடத்தில், தெருவையே அடைத்துக்கொண்டு, மேற்கே பார்த்த வாசலோடு நின்றது. தெரு நேரே வந்து வயிற்றில் குத்துகிற வீட்டில் குடும்பம் ஒன்றாக இருக்காது என்று ஒருத்தரும் வாங்காமல் கிடந்ததைச் சங்கரபாண்டி வாங்கி, வாசலுக்கு மேலே குட்டிப் பிள்ளையார் ஒருவரை உட்காரவைத்து, போதும் போ என்று விட்டுவிட்டான். பின்னால் வெறும் கரிசல் காடு. அங்கேயிருந்து எழும்புகிற சூரியன் கிழக்கு ஜன்னல் வழியாக வந்து, உள்ளறை, முன்னறை எல்லாம் கடந்து, வாசல் வழியாக வெளியே இறங்கும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை சூரியன் அப்படித்தான் வந்தது. புதுக் கண்ணாடியில் பட்டது. பட்டதும் ஒரு கோடாகி, தூங்கிக்கொண்டிருந்த சங்கரபாண்டியைத் தாண்டி, நிலைப்படியைத் தாண்டி, தெருவின் நட்டநடுவே சுண்ணாம்புக் கோடு போட்ட மாதிரி ஓடி, மேற்குக் கடைசியில் மெயின் ரோட்டு பஸ் ஸ்டாப்பில் போய் நின்றது. சூரியன் உச்சிக்கு ஏறியும் கோடு போகவில்லை, மேற்கே சாய்ந்தும் போகவில்லை. காலையில் வாசல் தெளிக்க வந்தபோதே ஆவுடை, கையில் வாளியோடு அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இழுக்கிற கண்ணாடி இழுக்கத்தானே செய்யும் என்று நினைத்துக்கொண்டாள். பிறகு உள்ளே போய் அவனுக்குக் காப்பி போட்டாள்.

தெருவுக்கு விஷயம் செண்பகத்தின் மூலமாகத்தான் வெளியானது. செண்பகம் பக்கத்து வீடு, ஆட்டோ ஓட்டுகிற குருவையாவின் மனைவி, ஏழு மாதக் கர்ப்பிணி. இரண்டு வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவுச் சுவர். குழம்புக் கிண்ணம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நாளெல்லாம் போய்க்கொண்டிருக்கும். ஒருநாள் அவள் கிண்ணத்தோடு வந்து சத்தம் போட்டாள்.

"என்னக்கா இது, நேத்து வரைக்கும் கையை நீட்டுனா வாங்கிக்கிடுவ, இன்னைக்குச் செருப்பு மாட்டிட்டு வர வேண்டியிருக்கு. உன் வீடு தள்ளிப் போயிருச்சா, என் வீடு தள்ளிப் போயிருச்சா?"

"ரெண்டும் இருந்த இடத்துலதான் இருக்கு. நடுவுலதான் மண்ணு வளந்துருக்கு" என்றாள் ஆவுடை.

"அதான பாத்தேன். வயித்தத் தூக்கிட்டு நடக்கேன்லா, எனக்குத்தான் தூரமாத் தெரியுதோன்னு நெனச்சேன்" என்று சொல்லிவிட்டு, செண்பகம் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு திரும்பி நடந்தாள்.

வீடுகள் கொஞ்சம் நீண்டன, வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே இருந்த சந்துகள் ரொம்ப நீண்டன, எதிர்வீட்டுக்கும் எதிர்வீட்டுக்கும் இருந்த அகலம் மட்டும் அப்படியே இருந்தது. கரண்டுக் கம்பி அறுந்துபோகவில்லை, தானும் இழுபட்டு மெலிந்தது. தண்ணீர்க் குழாயும் அப்படியே. புதிதாக முளைத்த மண்ணைப் பார்த்து ஒரு வாரம் யாரும் தொடவில்லை. அடுத்த வாரம் ஒருத்தி கத்தரி நட்டாள். அதற்கடுத்த நாள் தெரு முழுக்க மண்வெட்டிச் சத்தம். உன் சுவரிலிருந்து நீண்டதா என் சுவரிலிருந்து நீண்டதா என்று அடிதடி வரை போய், கடைசியில் பாதி பாதி என்று பேசி முடித்தார்கள். பெட்டிக்கடைக்காரர், கிழக்கே இருப்பவர்கள் நடந்து வருவதற்குள் களைத்துப்போகிறார்கள் என்று நடுவில் ஒரு கிளைக்கடை போட்டார். தபால்காரர் கிழக்கு வீடுகளுக்கு வந்தால் சாப்பிட்டுவிட்டுத்தான் போவது என்று வழக்கமாக்கிக்கொண்டார். பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளைகளைப் புளிச்சோறு கட்டிக்கொடுத்து அனுப்பினார்கள், போகிற வழியில் ஒன்று, போய்ச் சேர்ந்த பிறகு ஒன்று. ஆவுடையின் மகள் தர்ஷினி, ரெண்டாம் வகுப்பு, வழியிலேயே ரெண்டு பொட்டலத்தையும் தின்றுவிட்டு மத்தியானம் டீச்சரிடம் கை நீட்டினாள்.

கம்பெனி முதலாளி ரத்னசபாபதி மோட்டார் சைக்கிளில் ஒருமுறை வந்து பார்த்தார். படித்தவர், நல்ல மனுஷர், யாரையும் அதட்டத் தெரியாதவர். ஜன்னலைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார், சோடா வாங்கிக் குடித்தார்.

"ஆவுடை, இது நம்ம ரிஜெக்ட்தானே?"

"ஆமா சார்."

"இழுக்கட்டும், அதுல தப்பில்ல. ஆனா ஒண்ணு மனசுல வச்சுக்கம்மா. இந்த லென்ஸ் வெளிச்சத்தக் கூட்டாது. இருக்கிறதத்தான் இழுக்கும். இழுக்க இழுக்க மெலியும். எதுவா இருந்தாலும் அப்படித்தான்."

தெருக்காரர்கள் சுற்றி நின்று எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்கள். அவர் வண்டியைக் கிளப்பியதும், சாருக்கு நம்ம கத்தரிக்காயப் பாத்துப் பொறாமை என்று ஒருவன் சொன்னான், எல்லோரும் சிரித்தார்கள்.

ஆவுடை சிரிக்கவில்லை. ஆனால் கண்ணாடியைக் கழற்றவும் இல்லை. அவள் கணக்கு வேறே. தெரு நடுவில் இருந்த அடிபம்பும் பஸ் ஸ்டாப்பும் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் போவதை அவள் வாசலில் நின்று பார்த்தாள். பஸ் ஸ்டாப் எவ்வளவு தூரமோ அவ்வளவுக்கு அவன் அவளிடம் இருப்பான். கல்யாணமான நாளிலிருந்து இந்தத் தெருதான் அவளுக்குச் சத்துரு; அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினால் எடுத்துக்கொண்டு போய் விழுங்கிவிடுகிற தெரு. இந்தத் தடவை நீ விழுங்குவதைப் பார்க்கிறேன் என்று அதனிடம் மனசுக்குள் கறுவிக்கொண்டாள். பாவம், அவளைச் சொல்லியும் குற்றமில்லை. மூன்று வருஷம் செல்போனில் முகத்தைப் பார்த்துக்கொண்டு குடும்பம் நடத்திப் பார்த்தால் தெரியும்.

ஆடி பிறந்தது. அம்மன் கோயில் கொடைத் திருவிழா வந்தது. மேளக்காரர்கள் பஸ் ஸ்டாப்பிலிருந்து அடித்துக்கொண்டு கிளம்பினார்கள்; தெருக்குத்துப் பிள்ளையாரிடம் வந்து சேர்வதற்குள் சாமியாடி ஆடிக் களைத்து உட்கார்ந்துவிட்டார், மாலை வாடிவிட்டது, மேளம் பூனை நடக்கிற சத்தமாக மெலிந்திருந்தது. அடுத்த வருஷம் கிழக்குத் தெருவுக்கு ஒரு கொடை, மேற்குத் தெருவுக்கு ஒரு கொடை என்று பேச்சு எழுந்தது. அப்போதுதான் பொட்டல் தெரு முதல் முதலாக இரண்டாகச் சொல்லப்பட்டது.

முதலாளி சொன்னது மெல்ல மெல்ல நடந்தது. மத்தியானமே அந்தி மாதிரி இருந்தது, விளக்கு போட்டால் இழை மட்டும் சிவந்தது. கத்தரி காய்த்தது, விரல் நீளத்துக்குக் காய்த்தது, வாயில் போட்டால் ஒரு ருசியும் இல்லை. செண்பகம் கொடுத்துவிட்ட குழம்பு வந்து சேரும்போது ஆறி, உப்பும் உறைப்பும் வழியிலேயே இறங்கிவிட்டது போல இருந்தது. அடிபம்புப் பக்கத்து ஆட்கள் கிழக்கு வீட்டுக்காரர்களைப் பார்த்து, நீங்க எந்த ஊரு என்று கேட்டார்கள். கேட்டவர்களும் வெட்கப்படவில்லை, பதில் சொன்னவர்களும் வருத்தப்படவில்லை.

லீவு முடிந்த அன்றைக்குச் சங்கரபாண்டி பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினான். தெருவே வாசலில் நின்று வழியனுப்பியது. காலையில் கிளம்பியவன் பொழுது சாய்கிற நேரத்தில் திரும்பி வந்தான், சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது, பாதித் தெருகூடக் கடக்கவில்லை. குருவையாவின் ஆட்டோவில் அடுத்த நாள் போனான். பெட்ரோல் தீர்ந்து, தள்ளிக்கொண்டு வந்தார்கள். அம்மனே போகவிடவில்லை என்று பெண்டுகள் குலவையிட்டார்கள். ஆவுடை அவனுக்கு வெந்நீர் வைத்துக் காலைப் பிடித்துவிட்டாள். சந்தோஷத்தை முகத்தில் காட்டாமல் இருக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவன் அதைப் பார்த்துவிட்டான்.

"ஏ புள்ள, அந்தக் கண்ணாடியக் கழத்திரு."

"கொடை முடியட்டும்."

"கொடை முடிஞ்சாச்சு."

"கண்ணாடிய ஒட்டுன பட்டி காஞ்சு கல்லு மாதிரி இருக்குங்க. வலிச்சா சுவரு பேந்துரும். பாக்கலாம்."

"என்னத்தப் பாக்க? விசா தேதி தாண்டிருச்சுன்னா அங்கன உள்ளயே விடமாட்டான். போன்ல கெஞ்சி, இந்த வெள்ளிக்கிழம வரைக்கும் வாங்கி வச்சிருக்கேன். அன்னைக்கு ராத்திரி பிளைட்ட விட்டா, பதிமூணு வருஷம் பாத்த வேல போச்சு. தெரியுதா உனக்கு?"

தெரியாமல் என்ன. அவளுக்கு எல்லாம் தெரிந்தது. தர்ஷினியின் பள்ளிக்கூடமும் வீட்டுக்கு மேல் தளம் எழுப்புவதும் அவன் தங்கச்சி கல்யாணமும் எதில் ஓடுகிறது என்று தெரிந்தது. தெரிந்துகொண்டேதான் அடுக்களைக்குப் போய் அரிசி களைந்தாள்.

ஆனால் ஒன்று அவள் நினைக்காதது நடந்துபோனது. வீடும் கிழக்கு மேற்காகத்தானே நின்றது. அடுக்களையிலிருந்து முன்னறைக்குச் சாப்பாட்டுத் தட்டைக் கொண்டுபோனால் சோறு ஆறியது. ஏங்க என்று கூப்பிட்டால் அவன் காதில் விழவில்லை. அவன் பாயை முன்னறையில் போட்டு, கதவைத் திறந்துவைத்து, கோட்டின் மறுமுனையையே பார்த்துக் கிடந்தான். பாஸ்போர்ட்டைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டான். வந்த புதிதில் சொன்ன கதைகளை, கூட்டாளி ஒட்டகப்பால் குடித்து வயிறு கலங்கிய கதையை, மறுபடியும் சொன்னான், மறுபடியும் சொன்னான், ஒவ்வொரு தடவையும் சொற்கள் குறைந்தன, சிரிப்பு குறைந்தது. ஒரு மாசத்துக்கென்று அவன் அங்கேயிருந்து சேர்த்துக் கொண்டுவந்த பிரியம் அது. அதை இழுத்து இழுத்து இரண்டாவது மாசமும் போர்த்தப் பார்த்தால் கிழியாமல் என்ன செய்யும். அவனைப் பிடித்து வைத்திருக்கிறேன் என்று நினைத்தவளுக்கு, தம்மாமில் இருந்தபோதுகூட அவன் இவ்வளவு தூரத்தில் இல்லையே என்று ஒரு நாள் அரிவாள்மணைமேல் உட்கார்ந்திருக்கும்போது தோன்றியது. வெங்காயம்கூட நறுக்கவில்லை, கண்ணீர் தாரை தாரையாக வந்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. காலையில் அவன் மறுபடியும் பெட்டியைக் கட்டிவைத்துவிட்டு, தூக்கத் தெம்பில்லாமல் அதன்மேலேயே உட்கார்ந்திருந்தான். அப்போது குருவையா ஓடி வந்தான். பக்கத்து வீட்டிலிருந்து வருவதற்குள் அவனுக்கு மூச்சு முட்டியது.

"அண்ணாச்சி, அவளுக்கு வலி எடுத்துட்டு. நாளு இருக்குன்னு நெனச்சிருந்தோம். புள்ள குறுக்க கெடக்கு, வலி எடுத்த ஒடனே கொண்டாங்க, ஆபரேசன் பண்ணணும்னு டாக்டரம்மா தலபாடாச் சொல்லிருக்கு. ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டேன். தெருவுக்குள்ள வந்துட்டேங்கான், வந்துக்கிட்டே இருக்கேங்கான், வர மாட்டேங்கான்!"

சங்கரபாண்டி சட்டென்று எழுந்தான். அவ்வளவு நாள் மெலிந்து கிடந்த மனுஷனுக்கு எங்கேயிருந்து அந்த வேகம் வந்ததோ. செண்பகத்தைத் தூக்கி ஆட்டோவில் கிடத்தி, அவள் தலையைத் தன் மடியில் தாங்கிக்கொண்டு, நாமளே எதுத்தாப்புல போவோம்டே, ஓட்டு என்றான். ஆட்டோ கோட்டின்மேலேயே ஓடியது. ஆவுடை வாசலில் நின்று பார்த்தாள். ஆட்டோ சின்னதானது, இன்னும் சின்னதானது, தீப்பெட்டியானது, ஆனால் போய்ச் சேரவில்லை. எதிரே, வானமும் மண்ணும் தொடுகிற இடத்தில், ஆம்புலன்ஸின் நீல விளக்கு ஒரு பொட்டாக மினுங்கியது, அதுவும் பெரிதாகவில்லை. செண்பகம் அலறியது மட்டும் வந்தது. அலறலாக வரவில்லை. இழுத்து இழுத்து நூலான ஒரு சத்தமாக, எப்போது தொடங்கியது எப்போது முடிகிறது என்று தெரியாமல், தெரு நெடுக வந்து, ஆவுடையின் காதுக்குள் நுழைந்து நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது.

ஆவுடை வாசலைவிட்டுத் திரும்பினாள். உள்ளே ஓடினாள்.

போர்வையைத் தூக்கி ஜன்னல்மேல் போட்டாள். போர்வையும் நீண்டது, இழைகள் விலகின, வெளிச்சம் தன்பாட்டுக்கு அதற்குள்ளேயே போனது. விளிம்பைப் பிடித்து வலித்தாள். பட்டி கல்லாகத்தான் இருந்தது, அதில் அவள் பொய் சொல்லவில்லை. அம்மிக்குழவியைத் தூக்கினாள். தூக்கிய கை அப்படியே நின்றது. உடைந்த துண்டு ஒவ்வொன்றும் இழுக்கும். ஒன்று செய்கிற வேலையை நூறு செய்யும். தெரு எந்தெந்தப் பக்கம் பிய்த்துக்கொண்டு ஓடுமோ யார் கண்டது. குழவியைக் கீழே வைத்தாள்.

அடுக்களை மூலையில் கருப்புப் பொடி இருந்தது. கம்பெனியில் கண்ணாடியை முதல் முதலாகத் தேய்த்துக் கரைப்பதற்கு வைத்திருக்கிற முரட்டுப் பொடி. அடிப்பிடித்த பாத்திரம் விளக்க நல்லாயிருக்கும் என்று தெருவில் எல்லா வீட்டிலும் ஒரு டப்பா கிடக்கும். ஆவுடை அதைத் தண்ணீரில் குழைத்து, தேங்காய் நாரில் தோய்த்து, கண்ணாடியில் வைத்தாள். வைத்த கை பழக்கத்தில் மேலும் கீழுமாகவே போனது. உருளை லென்ஸில் வேலைக்குச் சேர்கிற எவருக்கும் முதல் நாள் சொல்வது அதுதான்: ஒரே வாக்கில் போ, ஒரே வாக்கில் வா, வட்டமாகத் தேய்த்தால் அன்றோடு லென்ஸ் செத்தது. ஒன்பது வருஷம் அவள் கை வட்டம் போட்டதில்லை. வீட்டில் தோசைக்கல்லில் மாவு ஊற்றினால்கூட நீளத்துக்கு இழுத்துவிடும் என்று சங்கரபாண்டி கேலி செய்வான். அந்தக் கையை அவள் இன்னொரு கையால் பிடித்து வட்டமாகத் திருப்பினாள். தேய்த்தாள். கண்ணாடி அலறியது. மெருகு போனது. தெளிவாக இருந்த இடம் பால் படிந்த மாதிரி ஆனது.

தோளுக்கு மேலே திரும்பி வாசல் வழியாகப் பார்த்தாள். கோடு அகன்று, விளிம்பு கலங்கியிருந்தது. கிளைக்கடை கிட்டத்தில் வந்திருந்தது. தீப்பெட்டி மறுபடியும் ஆட்டோவானது, நீலப் பொட்டு ஆம்புலன்ஸானது, இரண்டும் ஒன்றையொன்று நெருங்கிக்கொண்டிருந்தன.

அங்கேதான் அவள் கை நின்றது. பாதிதான் தேய்த்திருந்தாள். இதோடு விட்டால் என்ன? ஆம்புலன்ஸ் செண்பகத்தைத் தூக்கிக்கொள்ளும், இந்த அளவுக்குத் தெரு இருந்தால் சைரன் போட்டுக்கொண்டு போய்விடுவான். சைரன் இல்லாத மனுஷன், பெட்டியை எடுக்கத் திரும்பி வந்து காலால் நடக்கிறவன், ராத்திரிக்குள் போய்ச் சேரமாட்டான். பதினோரு மணி பிளைட் போய்விடும். அவன் இருப்பான். செண்பகமும் பிழைப்பாள், அவனும் இருப்பான். யாருக்கு என்ன நஷ்டம்? அவள் நாரைக் கையில் வைத்துக்கொண்டு, சொட்டச் சொட்ட, அப்படியே நின்றாள். உண்மையைச் சொல்ல வேண்டுமானால் கொஞ்ச நேரம் நிற்கத்தான் செய்தாள்.

அப்போது அந்த நூல் சத்தம் அறுந்துபோனது. ஆட்டோ இன்னும் ஆம்புலன்ஸைத் தொட்டிருக்கவில்லை.

"அய்யோ, ஏட்டி செண்பகம்!" என்று கத்திக்கொண்டு ஆவுடை நாரைத் தூர எறிந்துவிட்டு, பொடியை அள்ளி வெறும் கையாலேயே தேய்த்தாள். உள்ளங்கைத் தோல் உரிந்தது, பொடியோடு ரத்தம் குழைந்தது, அவள் வட்டம் வட்டமாக, மூலை முடுக்கெல்லாம், ஒரு விரல் இடம் மிச்சமில்லாமல் தேய்த்தாள். வெளியே பாய் சுருட்டுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. சுவருக்குச் சுவர் வந்து சேர்ந்தது, நடுவில் இருந்த கத்தரிச் செடிகள் மேலே மேலே விழுந்து குவிந்தன, கரண்டுக் கம்பிகள் தொய்ந்து பல்பெல்லாம் கண் கூசுகிற மாதிரி எரிந்தன, பஸ் ஸ்டாப் டீக்கடை ரேடியோ காதுக்குப் பக்கத்தில் கத்தியது. கோடு இல்லை. கிழக்கு ஜன்னலில் வெறும் வெளுப்பு, எந்தப் பக்கமும் சாயாத வெளுப்பு. மெயின் ரோட்டில் செண்பகத்தை ஏற்றிக்கொண்டு ஆம்புலன்ஸ் சைரன் போட்டுக்கொண்டு போவது, எட்டிப் பார்த்தால் தெரிகிற தூரத்தில், தெரிந்தது.

தெரு அவளைத் திட்டியது. எங்க காய் போச்சு, எங்க மண்ணு போச்சு, எவளக் கேட்டுத் தேச்ச என்று வாசலில் வந்து நின்று திட்டினார்கள். பெட்டிக்கடைக்காரர், தன் கடையும் கிளைக்கடையும் ஒட்டிக்கொண்டு நடுவில் அவர் மாட்டிக்கொண்டதைச் சொல்லிச் சொல்லித் திட்டினார். ஆவுடை கையைத் துணியில் சுற்றிக்கொண்டு, ஆஸ்பத்திரியிலிருந்து போன் வருமா வருமா என்று மட்டும் பார்த்திருந்தாள். மத்தியானத்துக்கு மேலே குருவையா பேசினான். பெண்குழந்தை. தாயும் பிள்ளையும் பிழைத்துக்கொண்டார்கள். இன்னும் கொஞ்சம் சுணங்கியிருந்தால் இரண்டும் இல்லை என்று டாக்டரம்மா சொன்னதாம். திட்டிக்கொண்டிருந்தவர்கள் வாசலைவிட்டு இறங்கினார்கள். பிறகு குவிந்த செடிகளில் காய் பொறுக்கப் போனார்கள்.

சாயங்காலம் சங்கரபாண்டி ஆஸ்பத்திரியிலிருந்து வந்தான். அவன் பஸ்ஸைவிட்டு இறங்குவதை அவள் பார்த்தாள், சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள், அதற்குள் வாசலில் நின்றான். அவள் கையைப் பிடித்துத் துணியைப் பிரித்துப் பார்த்தான். பார்த்துவிட்டு ஜன்னலைப் பார்த்தான்.

"நான் சொன்னப்ப எடுக்கலியே புள்ள."

"நீங்க சொன்னது போறதுக்கு" என்றாள் அவள். "அவ கேட்டது ஒரு உசுரு வாரதுக்கு."

அவன் துணியைப் பழையபடி சுற்றிவிட்டான். சுற்றிவிட்டுக் கையை விடாமல் வைத்திருந்தான். வெகுநாளைக்குப் பிறகு அந்தக் கையில் சூடு இருந்தது, அவளுக்கு அது நன்றாகத் தெரிந்தது, தெரிந்ததால்தான் தாங்க முடியவில்லை. தர்ஷினி வந்து அவன் காலைக் கட்டிக்கொண்டாள். திருவனந்தபுரத்துக்கு டாக்ஸி பஸ் ஸ்டாப்பில் வந்து நிற்கிறது, தெருவுக்குள் திருப்ப இடமில்லை என்கிறான், ஓடினால்தான் பிளைட்டைப் பிடிக்கலாம் என்று சொல்லி, அவன் பெட்டியைத் தூக்கினான்.

"வாரேன் புள்ள."

ஆவுடை தலையாட்டினாள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இத்தனை நாளில் கண்ணாடியைச் சொல்லவிட்டாளே தவிர, தெருவைச் சொல்லவிட்டாளே தவிர, இவள் வாயைத் திறந்து அவனிடம் ஒருமுறையாவது போகாதீங்க என்று சொன்னதில்லை. கல்யாணமான நாளிலிருந்து சொன்னதில்லை. கேட்டால் நிற்பானோ மாட்டானோ, அது வேறே, கேட்கவே இல்லையே. அந்த நீண்ட தெருவில் அவன் நாள் பூராவும் நடந்தானே, அன்றைக்குப் பின்னாலேயே ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்ல எவ்வளவு நேரம் கிடந்தது. இப்போது அவன் வாசல்படி இறங்கி, குருவையா வீட்டைத் தாண்டிக்கொண்டிருந்தான். அவள் கட்டுப்போட்ட கையை நிலையில் ஊன்றிக்கொண்டாள், வாயைத் திறந்தாள்.

"ஏங்க..."

டாக்ஸிக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. தெரு அவ்வளவுதான் இருந்தது.